தலைவர் தாயகம் திரும்பிய பிறகு: ஒரு சங்கத்தின் செயலாளராக நான் கற்றவை

புலம்பெயர்ந்து வாழும் இடத்தில் எங்கள் மக்களுக்கென்று இயங்கும் ஒரு சிறிய சங்கத்தில் நான் செயலாளராக இருக்கிறேன். அதைத் தொடங்கி, பத்தாண்டுகளுக்கும் மேலாக நடத்தி வந்த தலைவர், முதுமையில் தளர்ந்துபோன தம் தாயாரைக் கவனித்துக்கொள்வதற்காகக் குடும்பத்தோடு நிரந்தரமாகத் தாயகம் திரும்பினார். அவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றே அழைத்தோம். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன். அவர் புறப்பட்ட பின் நான் தனியாகப் பட்ட சிரமங்களில் பாதிக்கு மேல், யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் வராமலே போயிருக்கும். சொல்வதற்கு எனக்கு ஆள் கிடைக்கவில்லை. இதே நிலையில் இன்று நிற்பவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான், நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

செய்தியை அக்கா என்னிடம் தனியே சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம். "அம்மா பக்கத்தில் நான் இருக்க வேண்டிய நேரம் இது தம்பி, இனியும் தள்ளிப்போட்டால் பிறகு போய்ப் பயனில்லை" என்றார். அதை மறுத்துப் பேச யாருக்கும் உரிமை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும், புதிதாக வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் இங்கே தைரியமாக வாழலாம் என்று சொன்னவரே கிளம்புகிறார் என்ற நினைப்பு என்னை வெகுவாக அலைக்கழித்தது. வேறு ஊருக்கு மாறிப்போகும் தலைவரின் பிரிவுக்கும், தாயகம் திரும்பும் தலைவரின் பிரிவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். பின்னதில், தங்கியிருக்கும் ஒவ்வொருவருக்கும் தன் வாழ்க்கையைப் பற்றிய கேள்வி ஒன்று எழுந்துவிடுகிறது. நானும் போக வேண்டாமா, என் பெற்றோருக்கு அங்கே யார் இருக்கிறார்கள் என்று பல இரவுகள் தூக்கமின்றிக் கிடந்தேன். பின்னர் மற்றவர்களிடம் பேசியபோது, ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் அந்த வாரங்களில் இதே பேச்சு நடந்திருப்பது தெரியவந்தது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமலே அதே சுமையைச் சுமந்திருக்கிறோம்.

இந்தத் துயரத்திற்கு ஆய்வாளர்களிடம் விளக்கம் உண்டு என்பதை அறிந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1970களிலிருந்து, முடிவு தெளிவாக இல்லாத இழப்பைப் பற்றி எழுதி வந்திருக்கிறார். ஆள் உயிரோடு இருக்கிறார், ஆனால் நம்மோடு இல்லை என்னும் நிலையில், துக்கத்தை முடித்துக்கொள்ளவும் முடியாமல், துக்கமே இல்லை என்று விலகவும் முடியாமல் மனம் நின்றுவிடுகிறது. கென்னத் டோகா என்பவர் 1989இல், சுற்றியிருப்பவர்கள் துக்கமென்றே ஏற்றுக்கொள்ளாத துக்கத்தைப் பற்றி எழுதினார். எங்களுக்கு இரண்டும் சேர்ந்தே வந்தன. அக்கா தாயாரிடம் போகிறார், நல்ல செய்திதானே என்று எல்லோரும் முகமலர்ச்சியோடு பேசியதால், வருத்தத்தைச் சொல்வது சுயநலம்போல் தோன்றியது. ஆகவே நான் முதலில் சொல்ல விரும்புவது, வருத்தத்தைப் பேசுவதற்கென்றே ஒரு கூட்டம் வையுங்கள் என்பதுதான். அதில் வேலைப் பங்கீடு, கணக்கு எதுவும் வேண்டாம். நாங்கள் அதை மிகத் தாமதமாக, அக்கா போன பிறகு நடத்தினோம். அதுவரை சிடுசிடுப்பாக வெளிப்பட்டுக்கொண்டிருந்த பலருடைய வருத்தம், அந்த ஒரு மாலைக்குப் பிறகு கண்கூடாகத் தணிந்தது.

புறப்படும் தேதி உறுதியானதும் எங்கள் முழு உழைப்பும் பிரிவு உபசார விழாவிற்குப் போயிற்று. மண்டபம், நினைவுப் பரிசு, வாழ்த்து மடல், குழந்தைகளின் நிகழ்ச்சி என்று எல்லோரும் ஓடினோம். அக்காவோ வீட்டைக் காலி செய்வது, பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ்கள், சாமான்களைக் கப்பலில் அனுப்புவது என்று மூச்சுவிட நேரமில்லாமல் இருந்தார். பொறுப்பு ஒப்படைப்புக்கு மிஞ்சியது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் மட்டுமே. அவர் ஆவணக் கோப்பு ஒன்றையும் சாவிக் கொத்தையும் என்னிடம் தந்து, "மற்றதைப் போனில் பேசிக்கொள்ளலாம் தம்பி" என்றார். ஊர் திரும்பும் ஒருவருடைய கடைசி மாதம் அவருடைய கையில் இருப்பதில்லை என்பதை எங்கள் குழுவில் எவரும் அதற்குமுன் பார்த்ததில்லை. ஒப்படைப்பை விழாவுக்கு முன்பே, இயன்றால் பயணச்சீட்டு வாங்குவதற்கு முன்பே தொடங்கி முடித்துவிட வேண்டும். விழா முடிந்துவிட்டால் எல்லோருடைய மனமும் விடைபெற்றுவிடுகிறது. அதன்பின் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்து உட்கார யாருக்கும் மனம் வருவதில்லை.

முதல் அடி வங்கியிலிருந்து வந்தது. சங்கத்தின் கணக்கில் கையொப்பமிடும் அதிகாரம் அக்காவுக்கும் பழைய பொருளாளருக்கும் இருந்தது. பொருளாளர் முந்தைய ஆண்டே வேறு ஊருக்குப் போய்விட்டிருந்தார். மண்டபத்திற்கு வாடகை கட்ட வேண்டிய நாளில், கணக்கில் பணம் இருந்தும் எங்களால் எடுக்க இயலவில்லை. புதிய நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தின் தீர்மானம், அதில் கையொப்பங்கள், இப்போதைய கையொப்பதாரரின் ஒப்புதல் ஆகிய அனைத்தையும் வங்கி கேட்டது. அந்தக் கண்டிப்பு நியாயமானதே. இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் வந்து நான்தான் புதிய செயலாளர் என்று சொல்லிப் பணத்தை எடுத்துச் செல்லலாம். ஆனால் அந்த ஆவணங்களைத் திரட்டி, அக்காவின் கையொப்பத்தை அங்கே சான்றொப்பம் பெற்று, தபாலில் வரவழைத்து முடிக்கும்வரை வாடகை, குழந்தைகள் வகுப்புக்கான பாடநூல் செலவு, ஒரு குடும்பத்திற்கு அளிப்பதாக ஏற்றிருந்த உதவித்தொகை ஆகியவற்றை நானே கொடுத்தேன். கூட்டிப் பார்த்தால் என் ஒரு மாத ஊதியத்தைத் தாண்டியது. பின்னர் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. ரசீது இல்லாமல் அவசரத்தில் கொடுத்தவை திரும்பவில்லை. வீட்டில் இதனால் மனத்தாங்கலும் வந்தது. என் மனைவி கேட்ட கேள்வி நேரானது: "சங்கத்தின் பணம் சங்கத்திடமே இருக்கும்போது நம் பணம் ஏன் போக வேண்டும்?"

இதிலிருந்து கிடைத்த நடைமுறைப் பாடங்களைச் சொல்கிறேன். தலைவர் ஊரில் இருக்கும்போதே பொதுக்குழுவைக் கூட்டிப் புதிய கையொப்பதாரர்களை நியமிக்கும் தீர்மானத்தை நிறைவேற்றி, கூட்டக் குறிப்பேட்டில் எழுதி, தேதியிட்டுக் கையொப்பம் பெறுங்கள். தலைவரையும் உடன் அழைத்துக்கொண்டு வங்கிக்கு நேரில் செல்லுங்கள். மூவரை நியமித்து, அவர்களில் எந்த இருவர் கையொப்பமிட்டாலும் செல்லும் என்று ஏற்பாடு செய்துகொண்டால், ஒருவர் பிரிந்தாலும் கணக்கு முடங்காது. ஒரே ஆளுடைய விருப்பத்தில் பணம் வெளியேறவும் முடியாது. புதிய கையொப்பத்தில் ஒரு சிறு தொகையை உண்மையிலேயே எடுத்துப் பார்த்த பிறகுதான் வேலை முடிந்தது என்று கொள்ள வேண்டும். மண்டப ஒப்பந்தம், காப்பீடு, அரசுப் பதிவு ஆகியவற்றில் யாருடைய பெயரும் முகவரியும் இருக்கின்றன என்பதையும் அதே வாரத்தில் பார்த்துவிடுங்கள். எங்கள் சங்கப் பதிவின் தொடர்பு முகவரியாக அக்காவின் பழைய வீடே இருந்தது. அங்கே புதிதாகக் குடிவந்தவர்கள் நல்லவர்களாக இருந்ததால்தான் ஒரு முக்கியமான கடிதம் எங்களை வந்தடைந்தது.

அடுத்த சிக்கல் ஒரு தொலைபேசி எண்ணால் வந்தது. சங்கத்தின் மின்னஞ்சலுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பாக, அக்காவின் உள்ளூர்க் கைப்பேசிக்கு ஓடிபி செல்லும் ஏற்பாடு இருந்தது. அவர் கிளம்பும்போது அந்த சிம்மை ஒப்படைத்துவிட்டார். கடவுச்சொல் என்னிடம் இருந்தும் உள்ளே நுழைய வழியில்லை. கைவிடப்பட்ட எண்களைத் தொலைபேசி நிறுவனங்கள் சில காலம் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவது வழக்கம் என்பதால், எங்களுடைய ஓடிபி முன்பின் தெரியாத ஒருவரின் கைக்குப் போகும் அபாயமும் இருந்தது. எங்கள் இணையதளப் பெயரைப் புதுப்பிக்கக் கோரும் நினைவூட்டல்கள் அந்த மின்னஞ்சலுக்கே வந்துகொண்டிருந்தன. டாட் காம், டாட் ஆர்க் போன்ற பெயர்களுக்கு, காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும், காலாவதியான ஐந்து நாட்களுக்குள் மீண்டும் ஒரு முறையும் பதிவு நிறுவனம் அறிவிக்க வேண்டும் என்பது இணையப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பின் விதி. அறிவிப்புகள் வந்தன, படிக்க ஆளில்லை. தளம் மறைந்த பிறகே எங்களுக்குத் தெரிந்தது. அவ்வகைப் பெயர்கள் நீக்கப்பட்ட பின்னும் 30 நாட்கள் வரை மீட்டெடுக்க இடமுண்டு, ஆனால் அதற்கான கட்டணம் வழக்கமான புதுப்பிப்பைவிடப் பல மடங்கு. கப்பலில் போன பெட்டிகள் அக்காவின் வீட்டை அடைந்து, அவற்றுள் இருந்த பழைய மடிக்கணினியில் அந்த மின்னஞ்சல் இன்னும் திறந்த நிலையிலேயே இருப்பதை அவர் கண்டுபிடித்ததால், கடைசி நாட்களில் பெயரை மீட்டோம். அந்த வாரங்களில் எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. பல ஆண்டுகளின் நிழற்படங்களும் குழந்தைகளின் எழுத்துகளும் அந்தத் தளத்தில்தான் இருந்தன.

வாட்ஸ்அப் குழுவிலும் இதே கதைதான். ஒரே அட்மின் முறைப்படி குழுவிலிருந்து விலகினால் உறுப்பினர்களில் ஒருவர் தானாகவே அட்மின் ஆக்கப்படுவார். அக்கா விலகவில்லை, எண்ணையும் செயலியில் முறைப்படி மாற்றவில்லை. எண் மட்டும் செயலிழந்தது. அட்மின் மட்டுமே ஆட்களைச் சேர்க்கலாம் என்று குழு அமைக்கப்பட்டிருந்ததால் புதியவர்களைச் சேர்க்க இயலாமல் போயிற்று. வேறு குழு தொடங்கினோம். இளையவர்கள் உடனே வந்துவிட்டார்கள். முதியவர்களில் சிலர் பழைய குழுவிலேயே காத்துக்கொண்டிருந்து, சங்கம் தங்களை மறந்துவிட்டது என்று மனம் நொந்தார்கள். அவர்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் போய்ச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. ஆகவே எந்தக் கணக்காக இருந்தாலும், எண்ணைக் கைவிடும் முன் சங்கத்திற்கென்று ஒரு தனி எண் வாங்கி அதற்கு மாற்றுங்கள். ஒவ்வொரு குழுவிலும் குறைந்தது மூன்று அட்மின்கள் இருக்கட்டும். ஓடிபி கிடைக்காதபோது உள்ளே நுழைவதற்காக மின்னஞ்சல் சேவை தரும் மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு இருவரிடம் பத்திரப்படுத்துங்கள். கூகுள் கணக்கென்றால் ஒவ்வொன்றும் ஒரே முறை பயன்படக்கூடிய பத்துக் குறியீடுகள் கிடைக்கும்.

இவையெல்லாம் பணத்தாலும் நேரத்தாலும் தீர்ந்தவை. அக்காவின் நினைவில் மட்டுமே இருந்தவற்றை இழந்ததுதான் எங்களை மிகவும் வருத்தியது. யார் வீட்டில் வேலை போயிருக்கிறது, யார் உதவி கேட்கக் கூச்சப்படுவார், எந்த இரு குடும்பங்களை ஒரே பொறுப்பில் சேர்க்கக் கூடாது, எந்த முதியவர் மருத்துவரிடம் வலியைக் குறைத்துச் சொல்வார் என்பவை எந்தக் கோப்பிலும் இல்லை. ஒரு நள்ளிரவில், மொழி தெரியாத ஒரு மூதாட்டியை மருத்துவமனையில் சேர்த்திருப்பதாக அழைப்பு வந்தது. இத்தகைய நேரங்களில் அக்காதான் போவார். நான் போனேன். மருத்துவர் கேட்டதை என்னால் மொழிபெயர்க்க முடிந்தது. ஆனால் அந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஓர் ஆணிடம், அதுவும் அதிகம் பழகாதவனிடம், தன் உடம்பைப் பற்றி அவர் எப்படிச் சொல்வார்? அந்த வராந்தாவில் நின்றபோதுதான் அக்காவின் இல்லாமையை நான் முழுமையாக உணர்ந்தேன். சொல்ல வெட்கமில்லை, அழுதேன். பின்னர் குழுவில் உள்ள ஒரு பெண் செவிலியரை அழைத்தோம். அவர் வந்த பிறகே அந்த அம்மா வாயைத் திறந்தார்.

ஒரு தலைவர் விட்டுச்செல்லும் சொத்தில் விலைமதிப்புள்ளது இந்த நம்பிக்கை உறவுகள்தான், அவற்றைத் தாளில் எழுதி ஒப்படைக்க முடியாது. எழுதவும் கூடாது, ஒருவருடைய நோயும் கடனும் குடும்பத் தகராறும் அக்காவை நம்பிச் சொல்லப்பட்டவை. எங்களுக்கு அடுத்து இப்படி ஒரு மாற்றம் வந்தபோது, வகுப்பு ஆசிரியை ஒருவர் ஊர் திரும்பினார். அப்போது வேறு வழியைக் கையாண்டோம். அவர் புதிய ஆசிரியையை ஒவ்வொரு வீட்டுக்கும் உடன் அழைத்துச் சென்று, "இனி என்னிடம் சொல்வதை இவரிடம் சொல்லலாமா?" என்று அந்தக் குடும்பத்திடமே கேட்டார். சம்மதித்தவர்களின் நிலைமையை அவர்கள் எதிரிலேயே பகிர்ந்துகொண்டார். சம்மதிக்காதவர்களை அப்படியே விட்டுவிட்டார். ஒரு தேநீர் அருந்தும் நேரம்தான் ஒவ்வொரு வீட்டிலும் ஆயிற்று; ஒரு வகுப்புகூட நிற்கவில்லை. வெளியில் உள்ள தொடர்புகளுக்கும், அதாவது மண்டப மேலாளர், பள்ளி முதல்வர், மருத்துவமனைச் சமூகப் பணியாளர் போன்றோருக்கும் இதுவே பொருந்தும். தொலைபேசி எண்ணைத் தருவது அறிமுகமாகாது. உடன் நின்று அறிமுகப்படுத்துவதே அறிமுகம்.

தலைமை யாருக்கு என்ற கேள்வி சில மாதங்களில் பூசலாக மாறியது. அக்கா இருந்தால் இப்படி நடக்குமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர் கேட்டார். என்னை அக்காவாக்க முயன்றவர்களும் உண்டு, அவர் இடத்தில் நான் அமர்வதை எதிர்த்தவர்களும் உண்டு. ஒரு தனிமனிதரின் ஈர்ப்பின் மீது எழும் அதிகாரம், அவர் விலகும்போது வாரிசுச் சிக்கலைச் சந்தித்தே தீரும் என்றும், நிலைத்து நிற்க வேண்டுமானால் அது மரபாகவோ விதியாகவோ மாற வேண்டும் என்றும் சமூகவியலாளர் மாக்ஸ் வெபர் நூறாண்டுகளுக்கு முன்பே விளக்கியிருக்கிறார். எனக்குக் கைகொடுத்த எடுத்துக்காட்டு மென்பொருள் உலகத்தைச் சேர்ந்தது. பைத்தான் நிரல்மொழியை உருவாக்கிய கீடோ வான் ராசம், 2018 ஜூலையில் தலைமை முடிவெடுப்பாளர் பொறுப்பிலிருந்து விலகினார். தமக்குப் பின் யார் என்று அவர் சொல்லவில்லை. எப்படி ஆள வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று விட்டுவிட்டார். அந்தச் சமூகத்தினர் முதலில் ஆளைத் தேடவில்லை. பல ஆட்சிமுறைகளை முன்வைத்து விவாதித்து வாக்களித்தார்கள். ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழு என்ற முறை தேர்வானது. அதன் பின்னரே, 2019 தொடக்கத்தில், அந்த ஐவரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரே நிறுவனத்தில் பணிபுரிவோர் இருவருக்கு மேல் குழுவில் இருக்கக் கூடாது என்ற விதியையும் வைத்தார்கள்.

நாங்கள் அதைப் பின்பற்றினோம். யார் என்ற பேச்சைச் சில வாரங்களுக்கு ஒத்திவைத்து, எப்படி என்பதை மட்டும் பேசினோம். அக்கா செய்த வேலைகளை எல்லோரும் சேர்ந்து ஒரு பெரிய தாளில் எழுதியபோது, அவர் எத்தனை பேருடைய வேலையைத் தனியே செய்திருக்கிறார் என்பதைப் பார்த்து அறையே அமைதியாகிவிட்டது. அதை ஒருவர் தலையில் ஏற்றுவது அநியாயம் என்பதில் அதன்பின் கருத்து வேறுபாடு எழவில்லை. ஐவர் குழு அமைத்தோம். ஒரே குடும்பத்திலிருந்து ஒருவருக்கு மேல் கூடாது என்றும், பொறுப்புக்காலம் இரண்டு ஆண்டுகள் என்றும் விதி செய்தோம். சில பணிகளை நிறுத்தியும் விட்டோம். மாதாந்தர இதழை நிறுத்தியபோது பலர் வருந்தினார்கள், ஆனால் ஆள் இல்லாத பணியை இழுத்துக்கொண்டு போவதைவிட, குழந்தைகள் வகுப்பையும் மருத்துவ உதவியையும் செவ்வனே நடத்துவதே மேல் என்று நான் இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

போனவரோடு எந்த அளவுக்குத் தொடர்பு வைத்துக்கொள்வது என்பதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் எதற்கெடுத்தாலும் அவரை அழைத்தோம்; நான் மட்டுமல்ல, உறுப்பினர்களும் தனித்தனியே அழைத்து என் முடிவுகளின் மீது அவருடைய தீர்ப்பைக் கேட்டார்கள். நேர வேறுபாட்டால் அவருக்கு அது நள்ளிரவு. ஒருநாள் அவரே மனம் திறந்தார்: "இங்கே நான் யார் என்று யாருக்கும் தெரியவில்லை தம்பி. அங்கே இருந்த வேலையும் போய்விட்டது, இங்கே இன்னும் இடம் கிடைக்கவில்லை. நீங்கள் கூப்பிட்டால் அந்தப் பக்கமே மனம் திரும்பிவிடுகிறது." தாயகம் திரும்புவோரும் புதிய நாட்டுக்குப் போவோரைப் போலவே மனத்தளவில் ஒரு சரிவையும் மீட்சியையும் கடக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் ஜான் கல்லஹார்னும் ஜீன் கல்லஹார்னும் 1963லேயே எழுதியிருக்கிறார்கள். அவருடைய தவிப்பைக் கேட்க எங்களில் யாருக்கும் அதுவரை தோன்றவில்லை. அதன்பின் ஓர் ஒழுங்கு செய்துகொண்டோம். சங்கத்தைப் பற்றிய கேள்விகளைத் திரட்டி, மாதம் ஒருமுறை, ஒருவர் மட்டும் அழைப்பது. நடந்ததைப் பற்றிய தகவல் கேட்கலாம், நடக்க வேண்டியதைப் பற்றிய தீர்ப்பு கேட்கக் கூடாது. மற்ற நாட்களில் அவரை அழைப்பவர்கள் அவர் நலத்தையும் தாயாரின் நலத்தையும் மட்டும் விசாரிப்பார்கள். இந்த ஒழுங்கு எங்கள் குழுவை நிமிர வைத்தது. அவருக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது.

உங்கள் தலைவர் கிளம்ப ஒரு வாரமே இருக்கிறது என்றால், எல்லாவற்றையும் செய்ய முயலாதீர்கள். அவர் உடலால் இங்கே இருந்தால் மட்டுமே நடக்கக்கூடியவை எவை என்று பிரித்துப் பாருங்கள்: வங்கியில் நேரில் கையொப்பமிடுவது, அவருடைய உள்ளூர் எண் உயிரோடு இருக்கும்போது கணக்குகளை மாற்றுவது, முதியவர்கள் வீட்டுக்கும் துயரில் இருக்கும் குடும்பங்களுக்கும் உங்களை உடன் அழைத்துச் செல்வது. இவற்றுக்கு அந்த வாரத்தைக் கொடுங்கள். பழைய கணக்குகளை விளக்குவது, நிகழ்ச்சிகளை நடத்தும் முறையை எழுதித் தருவது போன்றவற்றை அவர் அங்கே போய்ச் சேர்ந்து, வீடு ஒழுங்காகி, தம் தாயாரோடு சில வாரங்கள் இருந்த பிறகு தொலைபேசியிலேயே செய்து கொடுத்துவிட முடியும்.